[தீர்ந்தது] டெபியன் 12.5 அப்டேட் போட்டதும் பழைய லேப்டாப்பில் வைஃபையைக் காணோம்

ஜெராக்ஸ்_முருகன் | 2024 பிப்ரவரி 11, இரவு 7:42

எல்லோருக்கும் வணக்கம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது போக, ஆன்லைன் விண்ணப்பம், பட்டா, கரண்ட் பில் எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான் ஓடுகிறது. 2013-இல் வாங்கியது. 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். விண்டோஸ் அதில் மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் மைத்துனர் வந்து டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். ஒரு மாதம் நன்றாகவே ஓடியது.

இன்று ஞாயிறு, கடை விடுமுறை. அப்டேட் இருக்கிறது என்று காட்டியது, சரி என்று போட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் வைஃபை போய்விட்டது. சிக்னல் குறைவு என்பதெல்லாம் இல்லை. மெனுவில் வைஃபை என்ற சொல்லே இல்லை. போனில் அதே வைஃபை நன்றாக வருகிறது. ரூட்டர் மாடியில், வீட்டில் இருக்கிறது. கடை கீழே. கேபிள் இழுக்க வழி கிடையாது.

நாளை காலை 9 மணிக்குக் கடை திறக்க வேண்டும். மைத்துனருக்குக் கப்பலில் வேலை, இப்போது போன் எடுக்கமாட்டார். யாராவது கை கொடுங்கள்.


பறக்கும்தட்டு | இரவு 7:55

2013 லேப்டாப் என்றால் வைஃபை கார்டு ஆயுள் முடிந்திருக்கும். இல்லாவிட்டால் மொத்தமாக ரீஇன்ஸ்டால் செய்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. அதுவும் முடியாது என்றால் 400 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள் வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள். இதற்குப் போய் ராத்திரியில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.


நூல்கண்டு | இரவு 8:10

ரீஇன்ஸ்டால் வேண்டாம். கார்டும் செத்திருக்காது. அப்டேட் போட்ட அதே பத்து நிமிடத்தில் கார்டும் சாவது என்பது சினிமாவில்தான் நடக்கும்.

முருகன், முதலில் ஒரு சின்னச் சோதனை. இதில் எதுவும் அழியாது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் டெபியன் ஒரு பட்டியலைக் காட்டிவிட்டு 5 விநாடி நிற்கும். கீழ் அம்புக்குறியை அழுத்தி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குப் போய் எண்டர் தட்டுங்கள். உள்ளே கர்னல்களின் பெயர்கள் இருக்கும். கர்னல் என்பது டெபியனின் மையப் பகுதி, வன்பொருளோடு பேசுவது அதுதான். மேலே 6.1.0-18, அதற்குக் கீழே 6.1.0-17 என்று இருக்க வேண்டும். 'ரெகவரி' என்று போட்டிருப்பதைத் தொடாமல், 17 என்று முடிவதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள்.

வைஃபை வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.


ஜெராக்ஸ்_முருகன் | இரவு 8:31

சார், வந்துவிட்டது!!! 17-இல் போனதும் வைஃபை தானாகவே இணைந்துவிட்டது. இந்தப் பதிவையே லேப்டாப்பிலிருந்துதான் போடுகிறேன். ரொம்ப நன்றி சார். இனிமேல் தினமும் இப்படித்தான் 17-ஐத் தேர்ந்தெடுத்துப் போக வேண்டுமா?


நூல்கண்டு | இரவு 8:44

சார் இல்லை, அக்கா என்றே சொல்லுங்கள் :)

நாளைக் காலைக் கடைக்கு இது போதும், நிம்மதியாக இருங்கள். ஆனால் பழைய கர்னலிலேயே காலம் தள்ள வேண்டியதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் புதியதில்தான் வரும்.

17-இல் வந்து 18-இல் வரவில்லை என்றால், கார்டு நல்லது, ஆன்டெனா நல்லது, ரூட்டர் நல்லது, கடவுச்சொல்லும் சரி. டிரைவர், அதாவது கார்டை இயக்கும் நிரல்தான், புதிய கர்னலுக்கு வந்து சேரவில்லை. எது உங்கள் சிப், எது டிரைவர் என்று தெரிய வேண்டும். டெர்மினலைத் திறந்து மூன்று கட்டளைகள் கொடுங்கள்.

எல்எஸ்பிசிஐ -என்என்கே
டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்
டிபிகேஜி -எல், இதன் பட்டியலில் லினக்ஸ்-ஹெடர்ஸ் என்று தொடங்கும் வரிகள் மட்டும்

(இந்தக் களத்தில் தமிழ் எழுத்து மட்டும் என்பதால் இப்படி எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.) முதல் கட்டளையின் வெளியீடு நீளமாக வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று உள்ள பகுதியும் அதற்குக் கீழ் உள்ள மூன்று நான்கு வரிகளும் போதும்.


ஜெராக்ஸ்_முருகன் | இரவு 9:20

அக்கா, மன்னிக்கவும். நிர்வாகி உரிமைக்காகச் சூடோ போட்டால் 'நீ பட்டியலில் இல்லை, இது புகார் செய்யப்படும்' என்கிற மாதிரி மிரட்டுகிறது. யாரிடம் புகார் போகும்?


நூல்கண்டு | இரவு 9:26

யாரிடமும் போகாது, பயப்படாதீர்கள். அந்தக் கணினியின் பதிவேட்டிலேயே ஒரு வரி எழுதிவைக்கும், அவ்வளவுதான். நிறுவும்போது ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக் கணக்குக்கு, தனிக் கடவுச்சொல் கொடுத்தால் டெபியன் உங்களைச் சூடோ குழுவில் சேர்க்காது. மைத்துனர் கொடுத்த ரூட் கடவுச்சொல் கையில் இருக்கிறதா? எஸ்யூ என்று தட்டி, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, எண்டர். கோட்டை விட்டுவிடாதீர்கள். விட்டால் பாதிக் கட்டளைகளுக்கு 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வரும்.


ஜெராக்ஸ்_முருகன் | இரவு 9:51

கடவுச்சொல்லை பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெளியீடு இதோ.

பிராட்காம் பிசிஎம்4313, எண் 14இ4:4727. பயன்பாட்டில் உள்ள டிரைவர் டபிள்யூஎல். மாட்யூல்கள் என்ற இடத்தில் பிசிஎம்ஏ, டபிள்யூஎல்.

டிகேஎம்எஸ்: பிராட்காம்-எஸ்டிஏ 6.30.223.271, கர்னல் 6.1.0-17, இன்ஸ்டால்டு. இந்த ஒரு வரிதான் வந்தது.

ஹெடர்ஸ்: 6.1.0-17-ஏஎம்டி64, 6.1.0-17-காமன். இரண்டே வரி.


நூல்கண்டு | இரவு 10:05

இதுதான். நான் நினைத்ததும் இதைத்தான், ஆனால் பார்க்காமல் சொல்லக்கூடாது அல்லவா.

உங்கள் லேப்டாப்பில் ஓடும் டபிள்யூஎல் என்ற டிரைவர், கர்னலோடு சேர்ந்து வருவது இல்லை. வெளியே தனியாக இருப்பது. ஒவ்வொரு கர்னல் வரும்போதும் அந்தக் கர்னலின் அளவுக்கு அதைப் புதிதாகத் தைக்க வேண்டும். தைக்கிற தையல்காரர்தான் டிகேஎம்எஸ். துணி என்பது பிராட்காம்-எஸ்டிஏ பொதி (பேக்கேஜ்). அளவுச்சீட்டு என்பது ஹெடர்ஸ். உங்களிடம் தையல்காரர் இருக்கிறார், துணி இருக்கிறது, ஆனால் இருப்பது 17-ஆம் ஆளின் அளவுச்சீட்டு மட்டும். 18 வந்து நின்றபோது அவர் கையைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அப்டேட் ஓடியபோது ஒரு வரி எச்சரிக்கை மேலே ஓடியிருக்கும், யார் பார்க்கிறார்கள்?

மைத்துனர் அன்று டிரைவர் போடும்போது, அப்போது ஓடிக்கொண்டிருந்த கர்னலுக்கான ஹெடரை மட்டும் குறிப்பிட்டுப் போட்டிருக்கிறார். இணையத்தில் பாதிக் கட்டுரைகள் அப்படித்தான் சொல்கின்றன. டெபியனில் கர்னலைத் தொடர்ந்து கொண்டுவரும் பொதி வேறு, ஹெடர்ஸைக் கொண்டுவரும் பொதி வேறு. முதலாவது உங்களிடம் இருக்கிறது. இரண்டாவது இல்லை. அதனால் கர்னல் முன்னே போய்விட்டது, ஹெடர் அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது 17-இல்தானே இருக்கிறீர்கள், இணையமும் இருக்கிறது. ரூட்டாக இருந்துகொண்டு:

ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64

எண் எதுவும் சேர்க்க வேண்டாம். எண் இல்லாத அந்தப் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. இனி ஒவ்வொரு கர்னலோடும் அதன் ஹெடர் தானாக வந்து சேரும். நிறுவி முடிந்த கையோடு டிகேஎம்எஸ் வேலையைத் தொடங்கும். பழைய பிராசஸர், கொஞ்சம் நேரம் எடுக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். பிறகு டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் மறுபடி கொடுங்கள், 18-க்கும் ஒரு வரி வர வேண்டும். வந்தால் சாதாரணமாக ரீஸ்டார்ட்.


ஜெராக்ஸ்_முருகன் | இரவு 10:38

அக்கா, இரண்டு வரி வந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். 18-இல் வைஃபை வந்துவிட்டது. கை எடுத்துக் கும்பிடுகிறேன். கடைப் பக்கம் வந்தால் உங்களுக்கு வாழ்நாள் முழுக்க ஜெராக்ஸ் இலவசம்.


பறக்கும்தட்டு | இரவு 10:50

ரீஇன்ஸ்டால் செய்திருந்தாலும் வந்திருக்கும். நான் சொன்னது தப்பில்லை.


நூல்கண்டு | இரவு 11:02

வந்திருக்கும். அடுத்த கர்னலில் மறுபடி போயிருக்கும். மாதம் ஒரு ரீஇன்ஸ்டால் செய்யலாம்.


கல்லூரிப்_பையன் | பிப்ரவரி 12, காலை 8:15

அக்கா, எனக்கும் இதே பிரச்சினை. நேற்று அப்டேட் போட்டேன், வைஃபை போய்விட்டது. லினக்ஸ் மின்ட். லேப்டாப் எங்கள் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2012 என்று நினைக்கிறேன். அப்போது விண்டோஸ் 7-உம் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததாம். ஹெடர்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன். மெனுவில் வைஃபை இருக்கிறது, ஆனால் ஆன் செய்தால் ஆன் ஆகவில்லை.


நூல்கண்டு | காலை 8:40

'இதே பிரச்சினை' என்று வருகிற பத்தில் ஒன்பது வேறு பிரச்சினைதான், தம்பி. முருகனுக்கு மெனுவில் வைஃபையே இல்லை. உனக்கு இருக்கிறது. அப்படியென்றால் டிரைவர் ஏறியிருக்கிறது, யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள். ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று கொடுத்து என்ன வருகிறது என்று சொல். 'சாஃப்ட் பிளாக்ட்', 'ஹார்டு பிளாக்ட்' என்று இரண்டு வரி வரும்.


கல்லூரிப்_பையன் | காலை 8:52

சாஃப்ட் நோ. ஹார்டு எஸ்.


நூல்கண்டு | காலை 8:55

லேப்டாப்பின் முன் ஓரத்தில், உள்ளங்கை வைக்கும் இடத்துக்குக் கீழே, சின்னதாகத் தள்ளுகிற சுவிட்ச் ஏதாவது இருக்கிறதா?


கல்லூரிப்_பையன் | காலை 9:01

இருக்கிறது அக்கா. பையில் வைக்கும்போது நகர்ந்திருக்கும் போல. வந்துவிட்டது. தயவுசெய்து யாரும் சிரிக்க வேண்டாம்.


நூல்கண்டு | காலை 9:20

யாரும் சிரிக்கமாட்டார்கள், நானே ஒருமுறை அந்தச் சுவிட்சைப் பார்க்காமல் ஒரு பகல் முழுக்கக் கழித்திருக்கிறேன். அப்டேட்டுக்கு அடுத்து எது நடந்தாலும் அப்டேட்டால்தான் நடந்தது என்று மனம் முடிச்சுப் போட்டுவிடும்.

ஹார்டு பிளாக் என்பதை எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வை. சுவிட்ச், இல்லாவிட்டால் எஃப்என் விசையோடு சேர்ந்த ஆன்டெனா படம் போட்ட விசை. சில மாடல்களில் சுவிட்சே இல்லாமல் கர்னல் தவறாக ஹார்டு என்று காட்டும். லேப்டாப்பின் விசைகளைக் கவனிக்கும் மாட்யூல் ஒன்று தப்பாகப் படிப்பதால் வருவது அது. அப்போது அந்த மாட்யூலைத் தடைப்பட்டியலில் போட வேண்டியிருக்கும். உனக்கு அது தேவையில்லை.


வடலி | பிப்ரவரி 13, இரவு 8:30

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடைய பிரச்சினை வேறு, அதனால் இங்கே கேட்கலாமோ தெரியவில்லை. உபுண்டு 22.04, போன மாத அப்டேட்டில் கர்னல் 6.2-இலிருந்து 6.5-க்கு மாறியது. வைஃபை இருக்கிறது, இணைகிறது. ஆனால் ரூட்டருக்குப் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் வைத்தால்தான். அடுத்த அறைக்குப் போனால் ஒரு கோடு, கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை. முன்பு முற்றம் வரை வந்தது. சிப் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ.


நெறியாளர் | இரவு 8:41

வேறு சிக்கலுக்குப் புது இழை தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் தலைப்புக்குப் பொருந்துகிறது, முருகனுக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். தொடருங்கள்.


நூல்கண்டு | இரவு 9:15

8723பிஇ என்று பார்த்ததுமே பதில் பாதி தெரிந்துவிட்டது. கேட்கிறேன்: முன்பு யாராவது இந்த லேப்டாப்பில் டிரைவரைக் கையால் தொகுத்துப் போட்டார்களா?


வடலி | இரவு 9:33

ஓம், வாங்கிய புதிதில் இதே பிரச்சினை இருந்தது. பெரியம்மாவின் மகன் கிட்ஹப்பிலிருந்து எடுத்து ஏதோ செய்து தந்தவர். அதன் பிறகு பிரச்சினையே இல்லை. அவர் இப்போது கனடாவில்.


நூல்கண்டு | இரவு 10:10

மைத்துனர் கப்பலில், அண்ணன் கனடாவில். நம் லினக்ஸ் எல்லாம் இப்படி யாரோ ஒருவர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதுதான்.

நடந்தது இது. அவர் தொகுத்த டிரைவர் அன்றைய கர்னலின் அடைவில் இருந்தது. புதிய கர்னலுக்குப் புதிய அடைவு. அங்கே கர்னலோடு வந்த டிரைவர்தான் இருக்கிறது. டிகேஎம்எஸ்ஸில் பதிவு செய்யாமல் கையால் போட்ட எதுவும் இப்படித்தான், அடுத்த கர்னலுக்குத் தானாக வராது.

ஆனால் நீங்கள் மறுபடி எதையும் தொகுக்க வேண்டாம். இந்தச் சிப்பில் ஆன்டெனா ஒயர் மாட்ட இரண்டு இடங்கள் இருக்கின்றன. விலை குறைந்த பல லேப்டாப்களில் ஒரே ஒரு ஆன்டெனாதான் வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்பதைச் சிப்புக்குள் எழுதிவைக்க வேண்டும். அது தப்பாக எழுதப்பட்ட லேப்டாப்கள் நிறைய உண்டு. டிரைவர் அந்தக் குறிப்பை நம்பி, ஒயரே இல்லாத பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ரூட்டரை ஒட்டி வைத்தால் மட்டும் ஏதோ காதில் விழுகிறது.

எந்தப் பக்கம் என்று நாமே சொல்லிவிடலாம். அதற்கு ஏஎன்டி அடிக்கோடு எஸ்இஎல் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, மதிப்பு 1 அல்லது 2. முதலில் தற்காலிகமாகச் சோதியுங்கள்:

சூடோ மாட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ
சூடோ மாட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2

கொஞ்ச நேரம் பொறுத்து அடுத்த அறையில் போய்ப் பாருங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் 1 போட்டுப் பாருங்கள். எது வேலை செய்கிறதோ அதை, இடிசி அடைவுக்குள் மாட்ப்ரோப்.டி என்ற அடைவில் ஒரு கோப்பில் 'ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் ஒரே வரியாக எழுதிவைத்துவிட்டால் நிரந்தரம். அந்தக் கோப்பு கர்னலைச் சார்ந்தது இல்லை, எத்தனை அப்டேட் வந்தாலும் அங்கேயே இருக்கும்.


வடலி | இரவு 10:58

2 போட்டேன். முற்றம் வரை வருகிறது. கிணற்றடியில் நின்று எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள். இவ்வளவு காலமும் காது இல்லாத பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்ததா?


நூல்கண்டு | இரவு 11:04

அதேதான். இனி இடையிடையே இணைப்பு அறுந்தால் சொல்லுங்கள். இந்தச் சிப்பின் மின்சேமிப்பை நிறுத்த எஃப்டபிள்யூஎல்பிஎஸ், ஐபிஎஸ் என்று வேறு இரண்டு அமைப்புகள் உண்டு, இரண்டுக்கும் 0 கொடுப்பது வழக்கம். அறுந்தால் மட்டும், இப்போது வேண்டாம்.


கல்லூரிப்_பையன் | பிப்ரவரி 14, மாலை 6:20

அக்கா, ஒரு சந்தேகம். முருகன் அண்ணன் போட்ட வெளியீட்டில் மாட்யூல்கள் என்ற இடத்தில் பிசிஎம்ஏ என்றும் இருக்கிறது. அது கர்னலோடு வருவதுதானே? 18-இல் டபிள்யூஎல் இல்லாமல் போனபோது அது ஏன் எழுந்து வேலை செய்யவில்லை?


நூல்கண்டு | இரவு 9:40

சபாஷ். இந்த இழையில் கேட்கப்பட்ட நல்ல கேள்வி இதுதான்.

4313 சிப்புக்கு இரண்டு டிரைவர்கள் உண்டு. ஒன்று முருகன் பயன்படுத்தும் டபிள்யூஎல், மூடிய நிரல். அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. கர்னல் மாற மாற, டெபியன்காரர்களும் மற்றவர்களும் அதன் வெளிப்புறத்தில் ஒட்டுப்போட்டுத்தான் இன்றுவரை ஓட வைக்கிறார்கள். இன்னொன்று பிஆர்சிஎம்எஸ்மேக். பிராட்காமே 2010-இல் திறந்த நிரலாகக் கொடுத்தது, கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பிசிஎம்ஏ அதற்குக் கீழே இருக்கும் பாலம்.

இரண்டும் ஒரே நேரத்தில் கார்டைப் பிடித்து இழுக்கக்கூடாது. அதனால் பிராட்காம்-எஸ்டிஏ பொதியை நிறுவும்போது அது மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பை வைத்து, பி43, பிசிஎம்ஏ, பிஆர்சிஎம்எஸ்மேக் எல்லாவற்றையும் தடைப்பட்டியலில் போட்டுவிடும். 18-ஆம் கர்னலில் டபிள்யூஎல் தைக்கப்படவில்லை. ஆனால் தடைப்பட்டியல் அப்படியே இருந்தது. வர வேண்டியவர் வரவில்லை, வரக்கூடியவரை வாசலில் நிறுத்திவைத்தாகிவிட்டது. அதனால்தான் மெனுவில் வைஃபை என்ற சொல்லே இல்லை.

முருகன், இதிலிருந்து உங்களுக்கு ஒரு யோசனை. உங்கள் சிப்புக்கு டபிள்யூஎல் கட்டாயம் இல்லை. 43142 போன்ற சில சிப்புகளுக்கு அதைவிட்டால் வேறு வழியே கிடையாது, உங்களுக்கு உண்டு. கர்னலுக்குள் இருக்கும் டிரைவருக்கு மாறிவிட்டால் ஹெடரும் வேண்டாம், தையலும் வேண்டாம். வேகம் கொஞ்சம் குறையலாம், சிலருக்குச் சிக்னலும் குறைகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பாருங்கள். ஃபர்ம்வேர்-பிஆர்சிஎம்80211 என்ற பொதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எழாது.


ஜெராக்ஸ்_முருகன் | பிப்ரவரி 18, மதியம் 12:15

அக்கா, இன்று உட்கார்ந்தேன். ஃபர்ம்வேர் பொதி ஏற்கெனவே இருந்தது. ஏபிடி ரிமூவ் போட்டு பிராட்காம்-எஸ்டிஏவை நீக்கினேன். ரீஸ்டார்ட். வைஃபை இல்லை. 17-க்குப் போனேன், அங்கேயும் இல்லை! இப்போது போனிலிருந்து எழுதுகிறேன். தெரியாமல் கையை வைத்துவிட்டேனோ?


நூல்கண்டு | மதியம் 12:40

தப்பு என் மேல், சொல்ல மறந்துவிட்டேன். ரிமூவ் போட்டால் நிரல் மட்டும்தான் போகும், அமைப்புக் கோப்புகள் போகாது. தடைப்பட்டியல் கோப்பு இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. காவலாளியை வைத்த முதலாளி போய்விட்டார், காவலாளி போகவில்லை.

ஏபிடி பர்ஜ் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்

இதற்கு இணையம் தேவையில்லை. பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ என்று கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட். ஒருவேளை இணையம் தேவைப்பட்டால், போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப் அதைக் கேபிள் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் டேட்டாவும் செலவாகாது.


ஜெராக்ஸ்_முருகன் | மதியம் 1:30

வந்துவிட்டது. டிரைவர் என்ற இடத்தில் இப்போது பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ் என்று காட்டுகிறது, அது சரிதானே? கடையில் வேகம் பார்த்தேன். முன்பு 35 வரை வந்தது, இப்போது 28. விண்ணப்பம் போட இது தாராளம். அப்புறம், டெதரிங்கும் ஆசைக்கு முயன்று பார்த்தேன். முதலில் வரவில்லை. பார்த்தால் அது சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிள். கடையிலேயே நான்தான் அதை விற்கிறேன் :(


நூல்கண்டு | மதியம் 1:48

சரிதான். பாலத்தின் பெயரைத்தான் காட்டும், அதற்கு மேலே பிஆர்சிஎம்எஸ்மேக் ஓடும். 28 போதும் என்றால் விட்டுவிடுங்கள். அந்தச் சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும், ஒற்றை ஆன்டெனா. ரூட்டரில் எவ்வளவு பெரிய திட்டம் போட்டாலும் அதற்கு மேல் ரொம்ப எதிர்பார்க்க முடியாது. நாளைக்கு ரூட்டர் மாற்ற வருகிறவர் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆன் செய்துவிட்டுப் போனால், லேப்டாப் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அப்போது கர்னலைத் திட்டாதீர்கள்.

தலைப்பில் 'தீர்ந்தது' போட்டுவிடுங்கள்.


வெற்றிலைக்கொடி | பிப்ரவரி 19, காலை 7:05

இழையை இப்போதுதான் படித்தேன். எனக்கு டிசம்பரில் டெபியன் 12.4 போட்டபோது வைஃபை இருந்தும் மொத்த அமைப்பும் உறைந்து உறைந்து போனது. அதுவும் ஹெடர் பிரச்சினைதானா?


நூல்கண்டு | காலை 9:30

இல்லை, அது கர்னலின் சொந்தத் தவறு. அந்த மாதம் டெபியனுக்குச் சோதனைக் காலம். 12.3-ஐ வெளியிடும் நேரத்தில் எக்ஸ்டி4 கோப்பு முறைமையில் தரவைக் கெடுக்கும் பிழை தெரிந்தது. அதை நிறுத்திவிட்டு 12.4 கொண்டுவந்தார்கள். அதில் வந்த 6.1.66-இல் வைஃபை பகுதியில் ஒரு திருத்தம் தப்பாகிப் போய் உறைந்தது, 6.1.67-இல் அதைத் திரும்ப எடுத்தார்கள். இப்போது எல்லாம் சரி. முருகனிடம் முதலில் பழைய கர்னலில் போய்ப் பார்க்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். கர்னலின் தவறா, நம் பக்கத் தவறா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இரண்டிலும் முதல் படி ஒன்றுதான்.


வடலி | ஜூலை 2, இரவு 9:10

பழைய இழையை எழுப்புகிறேன், மன்னிக்கவும். என் 8723பிஇ இன்னும் முற்றம் வரை வருகிறது. இன்னொரு செய்தி. பெரியம்மாவின் மகன் அன்று கிட்ஹப்பில் எடுத்த ரியல்டெக் டிரைவர் லாரி ஃபிங்கர் என்பவர் பராமரித்தது. அவர் ஜூன் 21-இல் காலமாகிவிட்டார். லினக்ஸ் வைஃபை அஞ்சல் பட்டியலில் அவருடைய மனைவி எழுதியிருந்தார். இதை இங்கே சொல்ல வேண்டும் போலிருந்தது.


நூல்கண்டு | இரவு 10:25

நானும் படித்தேன். பி43 டிரைவரிலும் அவருடைய உழைப்பு நிறைய. அவர் பக்கத்தில் 'என் லேப்டாப்பில் வரவில்லை' என்று உலகம் முழுக்க ஆட்கள் வந்து புலம்புவார்கள், ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதியிருப்பார். எண்பது வயதைத் தாண்டியும்.


பறக்கும்தட்டு | ஜூலை 6, இரவு 8:00

அவசரம். அப்டேட்டுக்குப் பிறகு என் லேப்டாப்பில் வைஃபை போய்விட்டது. டெபியன் 12.6. ரீஇன்ஸ்டால் செய்துவிட்டேன். இன்னும் வரவில்லை.


ஜெராக்ஸ்_முருகன் | இரவு 8:12

அண்ணே, முதலில் பழைய கர்னலில் போய்ப் பாருங்கள் என்று எழுத வந்தேன். ரீஇன்ஸ்டால் செய்துவிட்டால் பழைய கர்னலே இருக்காதே. சரி, எல்எஸ்பிசிஐ -என்என்கே போட்டு, நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியையும் அதற்குக் கீழே உள்ளதையும் இங்கே போடுங்கள். டெதரிங்குக்குச் சார்ஜ் கேபிளை எடுக்காதீர்கள்.